ஆறு முழங்கால்கள்

என் மகன் கெட்ரிக்கின் இடது முழங்கால் இனி விளையாட்டுக்கு உதவாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறுதான் அவன் வீட்டுக்கு வந்து போயிருந்தான். அன்று சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில் என் தோழி டோரேதாவின் கார் சேற்றுப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. கெட்ரிக் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, காரின் பின்பக்கத்தைத் தூக்கி ரோட்டில் வைத்தான். டோரேதா காரை விட்டு இறங்கக்கூட இல்லை. உள்ளே உட்கார்ந்தபடியே உதட்டுச் சாயத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

கடிதம் தடித்த தாளில் இருந்தது. மேலே ஒற்றைக்காலில் நிற்கும் நாரை, தங்க நிறத்தில் புடைத்துக்கொண்டு. அவர்களுடைய அணியின் பெயர் நாரைகள். 'வருத்தத்துடனும் பெருமையுடனும் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று ஆரம்பித்திருந்தார்கள். வருத்தம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. பெருமை எதற்கு என்று புரிய இன்னும் சில நாட்கள் ஆயின.

நான் அமெரிக்கத் தெற்கில், டெல்டா என்று சொல்லும் ஆற்றோரச் சமவெளியில், ஒரு கெளுத்தி மீன் ஆலையில் ருசி பார்ப்பவள். குளத்தில் வலை போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு மீனை என்னிடம் கொண்டுவருவார்கள். வால் பக்கத் துண்டை உப்புக்கூடப் போடாமல் வேகவைத்து, மோந்து பார்த்து, ஒரு வாய் மென்று துப்பிவிட்டு, சேற்று வாடை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டால் அந்தக் குளத்து மீன் ஒன்றுகூட ஆலைக்குள் வராது. பதினாறு வருடத்தில் ஒரு குளத்தைக்கூட நான் தவறாகச் சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவளின் மேஜையில் உட்கார்ந்து அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கெட்ரிக் விளையாடுவது அமெரிக்க ஃபுட்பால், பந்தைக் கையால் எறிந்து ஆடுவது. அதிலும் பந்தைத் தொடாத இடம் அவனுடையது. பந்தை எறிபவனுக்கு இடப்பக்கம் நின்று, அவனைச் சாய்க்க ஓடிவருபவர்களை நெஞ்சால் தடுக்க வேண்டும். ஒழுங்காகத் தடுத்தால் யாருக்கும் அவன் பெயர் தெரியாது. தவறவிட்டால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். இந்த வேலைக்குக்கூட நட்சத்திரம் உண்டு என்பது, அவன் பள்ளியில் பதினொன்றாவது படித்தபோது லைல் ஃபென்ஸ்கி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

லைல், நாடு முழுவதும் உள்ள பள்ளிப் பையன்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடும் ஒரு நிறுவனத்தின் ஆள். ஒல்லியான வெள்ளைக்கார இளைஞன். எங்கள் வாசலில் நின்று நோட்டைப் புரட்டினான்.

"ரெண்டு நட்சத்திரம், மேடம். வாழ்த்துகள்."

"அவன் விளையாடறதைப் பார்த்தீங்களா?"

"இன்னும் இல்ல. பார்த்துட்டா மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும். நாங்க நடுநிலையா இருக்கணும்ல?"

இது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை அவனே போன் செய்தான். கெட்ரிக்குக்கு இப்போது நான்கு நட்சத்திரமாம்.

"நடுவுல அவன் என்ன பண்ணான் தம்பி? புதன், வியாழன் ரெண்டு நாளும் காய்ச்சல். படுத்தே கிடந்தான்."

"அவன் ஒண்ணும் பண்ணல மேடம். பல்கலைக்கழகம் அவனைக் கூப்பிட்டிருக்கு. அவங்க கூப்பிடற பையன் ரெண்டு நட்சத்திரமா இருக்க முடியாது."

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தின் ஆள்பிடிக்கும் பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரென்ட் ஹாலிஃபீல்ட் என்று பெயர். காலணியைக் கழற்றுவதற்கு முன்பே என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அவருக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம்.

"எதுக்கு இவனைக் கூப்பிட்டீங்க கோச்?" என்று கேட்டேன்.

"அம்மா, அவன் நாலு நட்சத்திரப் பையன்!"

"நீங்க கூப்பிட்டப்ப ரெண்டுதானே இருந்துது?"

"நாங்க கூப்பிட்டா நாலாகும்னு எங்களுக்குத் தெரியாதாம்மா?"

அவர் முகத்தில் கள்ளம் ஏதும் இல்லை. தையல்காரர்போல ஒரு பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தார். கெட்ரிக்கை அளக்கப் போகிறார் என்று நினைத்தேன். என்னை அளந்தார். என் தோள், என் பாதம், என் மணிக்கட்டு. என் அப்பாவின் உயரம் கேட்டார். என் அண்ணன்களின் படங்களைக் கேட்டு வாங்கி, உயரத்தைக் கணிக்க, கதவு நிலைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படமா என்று பார்த்தார்.

"இப்ப இருக்கற பையனை நாங்க எடுக்கறதில்லம்மா. ஆகப்போற பையனைத்தான் எடுக்கறோம். அந்தப் பையன் உங்களுக்குள்ளதான் இருக்கான்." என் கையைத் திருப்பிப் பிடித்தார். "அடேயப்பா, என்ன மணிக்கட்டு!"

நாற்பத்திரண்டு வயதில் முதன்முறையாக ஒருவர் என் மணிக்கட்டைப் புகழ்ந்தார். அன்று பாத்திரம் கழுவும்போது அதை நான் இரண்டு மூன்று முறை பார்த்துக்கொண்டது உண்மை. இவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்று பிறகு யோசித்தபோதெல்லாம் எனக்கு அந்தப் பாத்திரத் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. கதவை நான்தான் திறந்திருக்கிறேன்.

தலைமைப் பயிற்சியாளர் ராண்டல் டீஸ் ஹெலிகாப்டரில் வந்தார். காரில் மூன்று மணி நேரம். ஆனால் நான்கு நட்சத்திர வீட்டுக்குக் காரில் போவது வழக்கம் இல்லையாம். பள்ளி மைதானத்தில் இறங்கினார். ஊரே வேலையைப் போட்டுவிட்டு வேலி ஓரம் நின்றது. அவர் என் சமையலறையில் உட்கார்ந்து, பன்றிக் கழுத்தெலும்பும் கீரையும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு என் கையையும் கெட்ரிக்கின் கையையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, நான் ஒரு ஆட்டக்காரனைத் தேடி இந்த வீட்டுக்கு வரல. ஒரு குடும்பத்தைத் தேடி வந்தேன். இந்தப் பையன் இன்னைலேருந்து என் பையன். நாலு வருஷமும் இவன் என் கண்ணுக்குள்ள இருப்பான். ஆமென்."

மறுநாள் ஆலையில் டோரேதா கேட்டாள். "அவருக்கு எத்தனை பையன்டீ?"

"அணில எண்பத்தஞ்சு பேர்."

"ஆபிரகாமுக்கே அவ்வளவு இல்லடீ."

நான் சிரித்தேன். அதே சமயம் அவளுக்குப் பொறாமை என்றும் நினைத்தேன். அவளுடைய மகனுக்கு நட்சத்திரமே கிடையாது. ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

கெட்ரிக் போனான். அங்கே திறன் மேம்பாட்டு மாளிகை என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடியும் கருங்கல்லுமாக நான்கு மாடி. வாசலில் வெண்கல நாரை. முதல் வருடம் முழுக்க அவனை விளையாட விடவில்லை. அது முதிர்வு வருடமாம். காலையில் எட்டு முட்டை, பத்து மணிக்கு ஒரு பால் கலவை, மதியம் இரண்டு கோழி, தூங்கும்போது விரலில் ஒரு கருவி. சிறுநீர் கழிக்கும் இடத்தில் கண்ணுக்கு நேராக ஒரு வண்ண அட்டை. இந்த நிறத்தில் போனால் நீ வெற்றியாளன், இந்த நிறத்தில் போனால் அணிக்குத் துரோகம் செய்கிறாய் என்று எழுதியிருக்கும் என்றான்.

"நீ எந்த நிறம்டா?"

"வெற்றியாளனுக்கு ரெண்டு கட்டம் கீழம்மா. ஏறிட்டு இருக்கேன்."

வாரா வாரம் எனக்கு ஒரு அறிக்கை வரும். மேலே ஏறும் ஒரு வளைந்த கோடு. அதில் கெட்ரிக் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு புள்ளி, எங்கே இருக்கிறான் என்று இன்னொரு புள்ளி. 'இந்த வாரம் உங்கள் மகன் ஒன்றரை சதவீதம் கூடுதலாக நாரை ஆகியிருக்கிறார்' என்று ஒருமுறை எழுதியிருந்தார்கள். அதை மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன். அவன் போனில் பேசும்போது குரல் தளர்ந்திருந்தால், அறிக்கையை எடுத்துப் புள்ளியைப் பார்ப்பேன். புள்ளி மேலே இருந்தால் நிம்மதியாகிவிடுவேன். என்னடா கண்ணு, ஏன் ஒரு மாதிரி இருக்கே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மீனை மட்டும்தான் நான் மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வருடம் பிப்ரவரியில் புதிய பையன்கள் அணியில் சேரக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வருடம் நாரைகளுக்கு நாட்டிலேயே நான்காவது இடம் என்று லைலின் நிறுவனம் அறிவித்தது. முப்பத்தொரு பையன்கள். காலியாக இருந்த இடம் இருபத்தைந்து. ஆலையில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். டோரேதா மட்டும் கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.

"இருபத்தஞ்சு நாற்காலில முப்பத்தொரு பேர் எப்படிடீ உட்காருவாங்க?"

"அதெல்லாம் அவங்க பார்த்துப்பாங்க."

"ம். பார்த்துப்பாங்க."

அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மார்ச்சில் எனக்குக் கடிதம் வந்தது.

நான் கெட்ரிக்கைக் கூப்பிட்டேன். "முழங்கால் வலிக்குதாடா?"

"டாக்டர் சொல்றாரும்மா."

"வலிக்கறது டாக்டருக்கா உனக்கா?"

பின்னால் யாரோ தட்டு கழுவும் சத்தம். "நீ ஒண்ணும் பண்ணாத மா. ப்ளீஸ்."

ஒன்றும் பண்ணாதே என்று பிள்ளை சொன்னால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? ஹாலிஃபீல்டைக் கூப்பிட்டேன். அவர் இரண்டு மாதம் முன்பே வேறு மாநிலத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். எண் மட்டும் அதேதான்.

"அம்மா! எப்படி இருக்கீங்க? உங்க குரலைக் கேட்டதுல ரொம்ப சந்தோஷம். ஆனா பாருங்க, நான் இப்ப வேற குடும்பத்துல இருக்கேன்."

ஆகவே நானே ஆதாரம் சேர்த்தேன். டோரேதா ஒரு வாக்குமூலம் எழுதினாள். 'மார்ச் மாதம் நான்காம் தேதி ஞாயிறு மதியம் ஒன்றேகால் மணிக்கு, மேற்படி கெட்ரிக் கேஸ்டன், நான் உள்ளே உட்கார்ந்திருந்த என் காரைத் தூக்கினான்.' காரின் எடையைக் காரோடு கொடுத்த புத்தகத்தில் பார்த்து எழுதினோம்.

"என் எடையையும் சேர்க்கணுமாடீ?" என்று கேட்டாள்.

"சேர்த்தா இன்னும் பலமா இருக்கும்."

"உனக்காக எழுதறேன். இதை யார்கிட்டயாவது காட்டின, கொன்னுடுவேன்."

பாதிரியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் மகன் முழுசாக இருக்கிறான், அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அவனை மறுபடி மைதானத்தில் விட வேண்டும்.

என்னைப் பார்த்தவர் வீரர் மேம்பாட்டு இயக்குநர் டாக்டர் வேட் ப்ரூயிட். அகலமான மேஜை. அதன் பின்னால் அகலமான புன்னகை. வாக்குமூலத்தை முழுவதும் படித்தார். எடை எழுதியிருந்த இடத்தில் தலையை ஆட்டினார்.

"அற்புதம். இதை நாங்க வச்சுக்கலாமா? நம்ம வளர்ப்புக்கு இதைவிட என்ன சான்று வேணும்?"

"அப்ப முழங்கால் நல்லா இருக்குன்னு ஒத்துக்கறீங்களா?"

"இன்னைக்கு நல்லா இருக்கு. அதை யாருமே மறுக்கலியேம்மா. நாங்க பார்க்கறது இன்னைக்கு இருக்கற முழங்காலை இல்ல. ஆகப்போற முழங்காலை." ஒரு படத்தை என் பக்கம் திருப்பினார். வளைந்த கோடு. இந்த முறை கீழ்நோக்கி. "பாருங்க, வலது முழங்கால் நாலு நட்சத்திரம். அதுல பிரச்சனையே இல்ல. இடதுதான் ரெண்டுக்கு வந்துடுச்சு."

"யார் போட்டது நட்சத்திரம்?"

"நம்ம முழங்கால் குழு."

"அந்தக் குழு அவன் காலைத் தொட்டுப் பார்த்துதா?"

"தொட்டா மனசு சாஞ்சிடும்மா."

எனக்கு லைலின் நோட்டு நினைவுக்கு வந்தது. "இந்த வருஷம் இப்படி எத்தனை பேருக்கு?"

"ஆறு பேருக்கு. வருத்தமான விஷயம். ஒரே வாரத்துல வந்தது."

"ஆறுமே முழங்காலா?"

"ஒண்ணு முதுகு. ஆனா சான்றிதழ் முழங்காலுக்குத்தான் அச்சடிச்சிருந்தோம்."

முப்பத்தொன்றில் இருபத்தைந்து போனால் ஆறு. நான் இதைச் சத்தமாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பாடம் புரிந்துகொண்ட பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியரைப்போலப் பார்த்தார்.

"அம்மா, உங்ககிட்ட மனம் விட்டுப் பேசறேன். நாலு நட்சத்திரப் பையன் ஒருத்தன் இங்க வந்து ஆடாம போறான்னு வைங்க. அது எங்க வளர்ப்போட தோல்வி. அடுத்த வீட்டுல போய் உட்கார்ந்து உங்க பையனை ஆளாக்கறோம்னு நாங்க எப்படிச் சொல்ல முடியும்? முழங்கால் போச்சுன்னா அது ஆண்டவன் செயல். எங்க மேம்பாட்டு விகிதம் அப்படியே நிக்கும். உங்க பையனுக்கும் படிப்பு, சாப்பாடு, தங்கற இடம், எல்லாம் உண்டு; அணிக் கணக்குல மட்டும் வர மாட்டான். யாருக்குமே நஷ்டமில்ல. இதைத்தான் நான் என் ஆராய்ச்சில எழுதினேன்."

"நீங்க எலும்பு டாக்டரா?"

"தலைமைப் பண்புல டாக்டர்."

பெருமை எதற்கு என்று அப்போது எனக்குப் புரிந்தது: அவர்கள் விகிதம் அப்படியே நிற்கிறது. நான் எழுந்தேன். பத்திரிகைக்காரர்களிடம் போவேன் என்றேன். வக்கீலைப் பார்ப்பேன் என்றேன். வக்கீல் யாரும் எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னேன். ப்ரூயிட் பெருமூச்சு விட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

கெட்ரிக்கின் கையெழுத்து. வரி முடிய முடிய மேலே ஏறிக்கொண்டு போகும் அவன் எழுத்து. 'ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எனக்கு இடது முழங்காலில் வலி உண்டு. அம்மாவுக்குத் தெரியாமல் மறைத்துவந்தேன். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.'

வீட்டில் யாரும் என்றால் நான்தான். அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் அவன் தினமும் பயிற்சி முடிந்து வந்து சோபாவில் காலை நீட்டுவான். நான் மீன் வாடை போகக் கையைக் கழுவிவிட்டு அவன் பாதத்தைப் பிடித்துவிடுவேன். அவன் கால்களில் எனக்குத் தெரியாத இடம் ஒன்றும் இல்லை. அந்தத் தாளில் இருந்த தாய் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

மாளிகையின் சாப்பாட்டுக் கூடத்தில் அவனைக் கண்டுபிடித்தேன். மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தான். இடது காலில் தொடை முதல் கெண்டைக்கால் வரை கறுப்புக் கவசம். முன்னால் முட்டைகள். எட்டுதான். பழக்கம் போகவில்லை.

"காலைக் காட்டு."

"மா, இங்க வேணாம்."

"வலிக்குதா?"

"இல்ல."

"எப்பவாவது வலிச்சுதா?"

"இல்லம்மா."

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். "அப்ப எதுக்குடா என்னை அப்படி எழுதின?"

அவன் ஒரு முட்டையை இரண்டாக வெட்டினான். நான்காக வெட்டினான்.

"டெக்சாஸ்லேருந்து ஒருத்தன் வந்திருக்கான். அஞ்சு நட்சத்திரம். பதினெட்டு வயசு. எறியறவனைச் சாய்க்க ஓடிவர்ற இடம். பயிற்சில என் எதிர்ல நிறுத்தினாங்க. ஒன்பது தடவை வந்தான். ஒன்பது தடவையும் என்னைத் தாண்டிப் போயிட்டான். கடைசியா ஒரு கையால நகர்த்திட்டு, 'மன்னிச்சுக்கோங்க சார்'னான். சார்னு கூப்பிட்டான்மா. கிண்டல் கூட இல்ல. நல்ல பையன்."

"ஒரு நாள் பயிற்சிதானே..."

"மூணு வாரம். நானும் எல்லாம் பண்ணேன். அவங்க சொன்ன நிறம் வர்ற வரைக்கும் தண்ணி குடிச்சேன், சொன்ன நேரத்துல தூங்கினேன். கோட்டுக்கு மேலதான் இருந்தேன், நீ பார்த்திருப்பியே. அப்புறம் உள்ள கூப்பிட்டு ரெண்டு காகிதம் வச்சாங்க. ஒண்ணு, வேற காலேஜ் பார்த்துக்கோ. இன்னொண்ணு முழங்கால்."

"நீ முழங்காலை எடுத்தியா?"

"வேற காலேஜ் போனா ஊருக்கே தெரியும்மா, ஹெலிகாப்டர் வந்து கூட்டிட்டுப் போன பையன் ஆடத் தெரியாம திரும்பி வந்துட்டான்னு. முழங்கால்னா..." அவன் முதன்முறையாக என்னைப் பார்த்தான். "சலூன்ல உட்கார்ந்து சொல்லுவாங்க, அந்த முழங்கால் மட்டும் போகாம இருந்தா கெட்ரிக் எங்கயோ போயிருப்பான்னு. நானும் சொல்லிப்பேன்."

"நீ டோரேதா காரைத் தூக்கினியேடா!"

"கார் என்னைத் திருப்பித் தள்ளலியேம்மா."

அவன் என் பையைப் பார்த்தான். வாக்குமூலத்தின் பிரதி அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. நான் என்ன எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ப்ரூயிட் சொல்லியிருக்க வேண்டும்.

"நீ போய் என் முழங்கால் நல்லா இருக்குன்னு நிரூபிச்சிட்டா, அப்புறம் நான் யாரும்மா?"

மூன்று மணி நேரம் காரோட்டி நான் அவனுக்காகக் கொண்டுவந்தது அதுதான். நீ நன்றாக இருக்கிறாய், உனக்கு ஒரு குறையும் இல்லை என்பது. அதைவிடக் கொடுமையான ஒன்றை யாரும் அவனுக்கு அதுவரை கொண்டுவரவில்லை. அவர்கள் என்னை ஏமாற்றினார்கள், சரி. அவர்கள் யாரோ. ஆனால் அவர்கள் கொடுத்த பொய் அவன் காலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. நான் கொண்டுவந்த உண்மைக்குள் அவனுக்கு நிற்க இடமில்லை. கோபம் போகவில்லை. யார்மேல் அதை வைப்பது என்றுதான் தெரியவில்லை. முட்டை ஒன்றை எடுத்து நான் சாப்பிட்டேன். அதில் உப்பே இல்லை.

ஏப்ரலில், அணி இரண்டாகப் பிரிந்து தன்னோடு தானே விளையாடும் வசந்த ஆட்டத்தன்று, ஆறு முழங்கால்களுக்கும் பாராட்டு விழா. தாய்மார்கள் பிள்ளைகளை நடுமைதானம் வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். காலையில் ஒத்திகை நடந்தது. ஆறு ஜோடி ஊன்றுகோல்கள், தங்க வண்ணம் பூசியவை. முதுகு போன பையனுக்கும் ஒரு ஜோடி. கையில் அட்டையோடு ஒரு பெண் எங்களை வரிசைப்படுத்தினாள்.

"இயல்பா நடங்க, தம்பிங்களா."

"இயல்பான்னா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"இயல்பா வலிக்கற மாதிரி."

விழாவில், பெரிய திரையில் ஒவ்வொரு பையனின் ஆட்டத்தையும் காட்டினார்கள். கெட்ரிக் இந்த மைதானத்தில் ஒருமுறைகூட ஆடியதில்லை. ஆகவே அவனுடைய வளைந்த கோட்டைக் காட்டினார்கள். வந்த புதிதில் சட்டையில்லாமல் எடுத்த படம், சட்டையில்லாமல் பருத்த பிறகு எடுத்த படம். பின்னணியில் வயலின். எனக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மூக்கைச் சிந்தினார். "நாரைகளுக்காகத் தங்கள் உடலையே கொடுத்தவர்கள்!" என்றது ஒலிபெருக்கி.

கோச் டீஸ் வரிசையாக எல்லாத் தாய்மார்களையும் அணைத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் உள்ளங்கையில் வைத்திருந்த சின்ன அட்டையைப் பார்த்தார்.

"வெர்னெல். நம்ம பையனைப் பாருங்க. என் நெஞ்சே உடையுது."

"கழுத்தெலும்பு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க," என்றேன். வேறு எதையும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"அதை மறக்க முடியுமா?" என்றபடி அவர் அட்டையைப் பார்த்தார். அடுத்த தாயிடம் போனார்.

கோட்டுக்கு வெளியே, படமெடுப்பவர்களோடு லைல் ஃபென்ஸ்கி நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? ஒரே வாரத்துல ஆறு முழங்கால். எனக்கே ஒரு மாதிரி இருக்கு." குரலைத் தாழ்த்தினான். "நான் கேமராவை எடுத்துக்கறேன். பசங்க நடக்கறதைப் பார்க்கறேன். உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, எழுதறேன். நிஜமா எழுதறேன்."

மூன்று வருடம் முன்பு விளையாட்டைப் பார்க்காமல் நட்சத்திரம் போட்டவன் இன்றைக்கு என் பையன் நடையைப் பார்க்கத் தயாராக நிற்கிறான். வாக்குமூலம் பையில்தான் இருந்தது. என் விரல் அதன் மடிப்பில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தால் ப்ரூயிட்டின் புன்னகை போய்விடும். டீஸ் என் பெயரை அட்டை இல்லாமலே தெரிந்துகொள்வார். நான் அதற்காக எத்தனை நாள் கற்பனை செய்திருக்கிறேன்! ஊன்றுகோல்களுக்கு நடுவில் கெட்ரிக் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். கெஞ்சவில்லை. சின்ன வயதில் தடுப்பூசி போடப்போகும் நர்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"கெட்ரிக் கேஸ்டன்!" என்றது ஒலிபெருக்கி.

"முழங்கால்தான் தம்பி," என்று லைலிடம் சொன்னேன். "ஒன்பதாவதுலேருந்து இருக்கு. நான்தான் கவனிக்கல."

அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். ஆனால் கேமராவைக் கீழே வைக்கவில்லை.

நாங்கள் நடந்தோம். ஐம்பது கெஜம். புல் வெட்டிய வாசனை. கெட்ரிக் இடது காலை மெல்ல ஊன்றி, முகத்தைச் சுளித்து, ஊன்றுகோலில் சாய்ந்து நடந்தான். நன்றாகத்தான் நடந்தான். எல்லாப் பக்கமும் ஆட்கள் எழுந்தார்கள். அவன் பெயரைக் கத்தினார்கள். பள்ளியில்கூட யாரும் அவன் பெயரை இப்படிக் கத்தியதில்லை. அவன் தலையை உயர்த்தி பார்வையாளர் வரிசைகளைச் சுற்றிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு ஒளி வந்தது. அந்த ஒளியில் எல்லாம் மறந்துபோய், அவன் வலது காலை நொண்ட ஆரம்பித்தான்.

ஒரு அடி. இரண்டு அடி. லைலின் கேமரா எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

நான் அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தேன். முன்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னேன்.

"இடது கால், கண்ணு. இடது."

அவன் காலை மாற்றிக்கொண்டான். நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.